லோடை யாரு பாக்கறாங்க?

அப்பா நாமக்கல்லில் முப்பத்தோரு வருடம் லாரி ஓட்டியவர். டெக்சாஸில் ஆளில்லாமல் ஓடும் லாரிகளுக்கு லோடு சரிபார்க்கும் வேலையில் சேர்ந்திருக்கிறேன் என்று போனில் சொன்னபோது, வண்டி எப்படித் தானாகத் திரும்பும், குறுக்கே மாடு வந்தால் என்ன செய்யும் என்றுதான் கேட்பார் என நினைத்தேன். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். அவர் கேட்டது வேறு.

"வண்டிய ஏதோ ஒண்ணு ஓட்டிட்டுப் போகுது, சரி. லோடை யாரு பாக்கறாங்க கண்ணு?"

"கேமரா இருக்குதுங்கப்பா, சென்சார் இருக்குது" என்றேன்.

"ம்" என்றார். அவருக்கு அந்தப் பதில் போதவில்லை என்று புரிந்தது. மூன்று வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கு யார் என் வேலை என்னவென்று கேட்டாலும், அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் தேடுவதுதான் என்று சொல்வேன்.

டல்லஸுக்குத் தெற்கே ஐ-45 நெடுஞ்சாலையை ஒட்டி எங்கள் யார்டு. டல்லஸிலிருந்து ஹூஸ்டன் ஏறக்குறைய 240 மைல். சமதரை, நேர்சாலை, பனி குறைவு. 2017-லேயே ஆளில்லா வண்டிகளுக்கு இடம் கொடுத்துச் சட்டம் போட்ட மாநிலம் இது. அதனால் இந்தத் தொழிலில் இறங்கிய கம்பெனிகள் பலவும் இந்தச் சாலையைத் தேடி வந்தன. 2025 ஏப்ரல் கடைசியில் அரோரா நிறுவனம் இதே தடத்தில் இருக்கையில் ஆளே இல்லாமல் சரக்கு ஓட்டத்தைத் தொடங்கியது. சில வாரங்களில், லாரியைச் செய்து கொடுத்த பாக்கார் நிறுவனம் கேட்டுக்கொண்டதால், மறுபடி ஒருவரை அந்த இருக்கையில் உட்கார வைத்தது. நான் இருப்பது வேறொரு கம்பெனி. எங்கள் வண்டியிலும் இப்போதைக்கு ஒருவர் உட்கார்ந்துதான் போகிறார். ஆனால் நாங்கள் செய்யும் ஒவ்வொரு ஏற்பாடும் ஒருநாள் அவர் அங்கே இருக்க மாட்டார் என்பதை மனதில் வைத்துத்தான்.

வேலை நடக்கும் விதம் இப்படி. கிடங்கிலிருந்து எங்கள் யார்டு வரை சாதாரண டிரைவர் டிரெய்லரைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார். எங்கள் வண்டி அதைக் கோத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடும். அந்தப் பக்கத்து யார்டில் இன்னொரு டிரைவர் வாங்கிக்கொண்டு ஊருக்குள் போவார். ஆக, லோடு ஏற்றுவதை நாங்கள் பார்ப்பதே இல்லை. கதவில் சீல் போட்டுத்தான் வரும்.

அமெரிக்க விதிகள் சுமைக் கட்டுக்குத் தெளிவாகக் கணக்குச் சொல்கின்றன. பிரேக் போடும்போது சரக்கு தன் எடையில் 80 சதவீத விசையோடு முன்னால் தள்ளும், பின்னாலும் பக்கவாட்டிலும் 50 சதவீதம் என்று வைத்துக் கட்ட வேண்டும். 20 டன் சரக்கென்றால் 16 டன் விசை முன்னால் முட்டும். சரக்கைக் கட்டும் பட்டைகளின் தாங்குதிறன் எல்லாம் சேர்ந்து சரக்கு எடையில் பாதியாவது இருக்க வேண்டும். நாலு அங்குலப் பட்டை ஒன்றுக்குச் சாதாரணமாக 5,400 பவுண்டு. 40,000 பவுண்டு மரச்சட்டத்துக்கு எடைக் கணக்கில் நாலு பட்டை போதும். நீளத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. 40 அடி லோடுக்கு முன்னால் தடுப்பு இல்லையென்றால் ஐந்து போட வேண்டும். நாங்கள் ஏழு போடுகிறோம்.

இதெல்லாம் கிளம்புவதற்கு முன்னால். கிளம்பிய பிறகு, ஓட்டுநர் முதல் 50 மைலுக்குள் இறங்கிக் கட்டைப் பார்க்க வேண்டும் என்கிறது விதி. அப்புறம் 150 மைல் அல்லது மூன்று மணி நேரம், எது முதலில் வருகிறதோ அதற்குள் மறுபடி. வண்டி அதிரும்போது சரக்கு படியும். படிந்தால் உயரம் விரல் அளவு குறையும். அவ்வளவு குறைந்தாலே இறுக்கிய பட்டை தளர்ந்துவிடும். முதல் 50 மைலில்தான் இது அதிகம்.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததில்லை. பள்ளி விடுமுறையில் அப்பாவோடு வண்டியில் போவேன். தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும்போது, தொப்பூர்க் கணவாய்க்கு முன்னால் எவ்வளவு நேரமாகியிருந்தாலும் ஓரம் கட்டுவார். கிளீனர் அண்ணன் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். டார்ச் அடித்துப் பார்த்தால் மட்டும் போதாது அவருக்கு. கயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்து, உடம்பின் எடை முழுவதையும் கொடுத்துச் சாய்வார். கயிறு எவ்வளவு தணிகிறது என்று கைக்குத் தெரிய வேண்டும். தார்ப்பாய்க்கு மேலே ஏறி மூலைகளில் மடித்து வைத்த சாக்கு நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். சாக்கு நகர்ந்தால் கயிறு மூலையில் உரசும். அப்புறம்தான் டீ.

இங்கே விதி முழுக்க 'ஓட்டுநர்' என்ற ஒரு சொல்லின் மேல் நிற்கிறது. அந்த ஆளை எடுத்துவிட்டால் ஓட்டும் வேலை கணினிக்குப் போகும். இறங்கிப் பார்க்கும் வேலை யாருக்குப் போகும்? அது சும்மா காணாமல் போய்விடக் கூடாது என்பதுதான் எனக்குள்ள ஒரே கவலை. சோதனை விஷயத்தில் கொஞ்சம் வழி பிறந்திருக்கிறது. வணிக வாகனப் பாதுகாப்புக் கூட்டமைப்பு 2022-இல் ஆளில்லா லாரிகளுக்கென்று தனி முறை வகுத்தது. 40 மணி நேரம் பயிற்சி எடுத்தவர் கிளம்பும் முன் முழு வண்டியையும் சோதிக்க வேண்டும், ஓட்டத்தில் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி சோதிக்க வேண்டும். நல்ல முறை. ஆனால் மூடிய டிரெய்லருக்குள் அது எட்டாது.

ஏனென்றால் பழைய விதியிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. சீல் வைத்து, திறக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்த டிரெய்லரை ஓட்டுநர் திறந்து பார்க்க வேண்டியதில்லை. ஓட்டுநர் இருந்த காலத்தில் அதனால் பெரிய கேடில்லை. கண்ணால் பார்க்காவிட்டாலும் அவர் உடம்பு லோடைக் கவனித்துக்கொண்டே இருந்தது. இதை நான் ஒரு தண்ணீர் பாட்டில் லோடில் புரிந்துகொண்டேன்.

இருபது பல்லட் குடிநீர், அதாவது மரத்தட்டில் அடுக்கிப் பிளாஸ்டிக் சுற்றிய பாட்டில்கள். 42,000 பவுண்டுக்குப் பக்கம். எடை மேடையில் ஏற்றினோம், எல்லா அச்சும் வரம்புக்குள். சீல் எண்ணும் சரி. வண்டி கிளம்பியது. கார்சிகானா தாண்டி ஒரு கார் திடீரென்று குறுக்கே புகுந்தது. எங்கள் வண்டி பிரேக் போட்டு, பக்கத்து லேன் காலியென்று பார்த்து ஒதுங்கி, மறுபடி தன் லேனுக்கு வந்தது. ஓட்டும் மென்பொருள் குழுவில் அந்தக் காட்சியை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். சந்தோஷப்பட வேண்டியதுதான், அருமையாக ஒதுங்கியிருந்தது.

ஹூஸ்டனில் கதவைத் திறந்தபோது கீழே தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. நடுவில் ஆறு பல்லட் ஒரு பக்கச் சுவரில் சாய்ந்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் கிழிந்து கிடந்தது. கடைசி வரிசையில் ஒன்று கதவை முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. திறந்த ஊழியர் கதவோடு சேர்ந்து பக்கவாட்டில் நகர்ந்ததால் தப்பித்தார். முழுப் பல்லட் ஒன்று 2,000 பவுண்டுக்கு மேல் இருக்கும். அந்த மனிதரை நினைத்து அன்றிரவு நான் தூங்கவில்லை.

காரணம் எளிமையானது. டிரெய்லரின் உள்ளகலம் சுமார் 100 அங்குலம். பல்லட்டை 40 அங்குலப் பக்கமாக இரண்டிரண்டாக வைத்தால் 20 அங்குலம் சும்மா கிடக்கும். அந்த இடைவெளியில் காற்றுப் பையோ மரக்கட்டையோ வைத்து அடைக்க வேண்டும். கிடங்கில் யாரும் அடைக்கவில்லை.

எங்கள் சென்சார் என்ன செய்தது? ஒன்றும் சொல்லவில்லை. அச்சுக்கு மேலே இருக்கும் காற்றுப் பலூனின் அழுத்தத்தை வைத்துத்தான் லோடு நகர்கிறதா என்று பார்த்தோம். சரக்கு முன்னாலோ பின்னாலோ போனால் அழுத்தம் மாறும், தெரிந்துவிடும். ஆனால் இடது பலூனும் வலது பலூனும் ஒரே வால்வில் சேர்ந்திருந்தால் இரண்டிலும் அழுத்தம் சமமாகிவிடும். பக்கவாட்டுச் சாய்வு தெரியாது. திரையில் கடைசி வரை பச்சைதான்.

அன்றைக்கு இருக்கையில் இருந்தவர் முப்பது வருடம் லாரி ஓட்டியவர், லூயிசியானாக்காரர். நான் போன் செய்து, ஏதாவது கவனித்தீர்களா என்று கேட்டேன். கார் குறுக்கே வந்த உடனே பின்னால் 'தொம்' என்று ஒன்று முதுகில் வந்து தட்டியது என்றார். அரை நொடி கழித்து இன்னொன்று. லோடு நகர்ந்துவிட்டது என்று அவருக்கு அப்போதே தெரியும். அவர் நிரப்பும் படிவத்தில் வண்டி எப்படி ஓட்டியது என்பதற்கு ஒரு பக்கம் இருந்தது, லோடுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. வாயால் சொன்னதைக் கேட்டவரும் எழுதவில்லை. அந்தப் படிவத்தைத் தயார் செய்தவர்களில் நானும் ஒருத்தி.

அதற்குப் பிறகு ஆறு மாதம் அந்த 'தொம்' பின்னாலேயே அலைந்தேன். டிராக்டரில், அதாவது டிரெய்லரை இழுக்கும் முன்வண்டியில், எத்தனையோ கருவிகள் இருக்கின்றன. டிரெய்லரில்தான் எதுவும் இல்லை, ஏனென்றால் அது எங்களுடையதே இல்லை. தினம் ஒரு வாடிக்கையாளரின் டிரெய்லர். சில பத்து வருடப் பழசு. கடைசியில் டிரெய்லரின் சட்டத்தில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு பெட்டி வைத்தோம். அதிர்வையும் சாய்வையும் பார்த்து டிராக்டருக்குச் சொல்லும். தேர்ந்த டிரைவர்கள் இருக்கையில் இருந்த ஓட்டங்களில், முதுகில் தட்டிய நேரத்தை அவர்கள் பொத்தான் அழுத்திக் குறித்துக்கொடுத்தார்கள். பாலத்து இணைப்பில் வரும் அதிர்ச்சிக்கும் பல்லட் மோதும் அதிர்ச்சிக்கும் வித்தியாசத்தை அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் கருவிக்குக் கற்றுக்கொடுத்தோம். இன்றைக்கு அது எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று சொல்ல மாட்டேன். அந்தத் தண்ணீர் லோடு மாதிரி ஒன்றைப் பிடிக்கும். பிடித்தால் சரக்கை வாங்குகிறவருக்குக் கதவைத் திறக்கும் முன்பே செய்தி போகும்.

இன்னொன்றும் கேட்டு வாங்கினோம். கதவு மூடும் முன் உள்ளே எடுத்த படம் இல்லாமல் எந்த மூடிய டிரெய்லரையும் கோக்க மாட்டோம். விற்பனைப் பிரிவில் இதற்கு எதிர்ப்பு இருந்தது, வாடிக்கையாளர் கோபிப்பார் என்றார்கள். சிலர் கோபித்தார்கள். படம் அனுப்பினார்கள்.

கதவு சென்சார், குளிர்பெட்டியின் வெப்பநிலை, திருட்டு எச்சரிக்கை எல்லாம் தொழிலில் பல வருடமாகப் புழங்குகிறவை. புதிதாகச் சேர்ந்த சிக்கல் ஒன்றுதான். கதவு திறந்திருப்பதாக எச்சரிக்கை வந்தால் முன்பு டிரைவர் இறங்கிப் போய்ப் பார்ப்பார். இருக்கையில் ஆள் இல்லாதபோது இரவு இரண்டு மணிக்குக் கண்காணிப்பு அறையில் ஒருவர், வண்டியை ஓரம் நிறுத்துவதா ஓடவிடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். ஓரத்தில் நிற்கும் 36 டன் வண்டியும் ஆபத்துதான். அதனால் அடுத்த வெளிவழியில் விளக்குள்ள இடத்துக்குப் போய் நிற்கச் சொல்லி ஆளை அனுப்புவதாக ஏற்பாடு செய்திருக்கிறோம். ஆள் போய்ச் சேர முக்கால் மணி நேரமாவது ஆகும். இதைக் குறைக்க இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை.

இப்போது திறந்த டிரெய்லரில் மரச்சட்டம் ஏற்றி ஓட்டும் சோதனை தொடங்கியிருக்கிறது. பட்டையின் இழுவிசையை அளக்கும் கருவி ஒவ்வொன்றிலும் மாட்டினோம். தளர்ந்தால் சொல்லும். ஆனால் இறுக்காது. இறுக்குவதற்கு ஒரு கை வேண்டும். அந்த லூயிசியானாக்காரர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். பட்டையைத் தட்டையாகவே விட்டால் காற்றில் படபடத்து, மணிக்கணக்கில் அடித்துக்கொண்டு தேய்ந்துபோகும். இறுக்கும் முன் அரை முறுக்கு ஒன்று கொடுத்தால் அடங்கிவிடும். ஏழு பட்டையையும் என்னைக் கொண்டே முறுக்கவைத்து, ஒவ்வொன்றாக விரலால் சுண்டிக் கேட்கச் சொன்னார். ஐந்தாவது மட்டும் மந்தமாக ஒலித்தது. கருவியில் அது வரம்புக்குள்தான் இருந்தது. இருந்தாலும் பட்டையை இறுக்கும் வின்ச் கம்பியைப் போட்டு இரண்டு பல் ஏற்றினார்.

50 மைல் சோதனையை விடவே கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். கூட்டத்தில் மூன்று முறை இதைப் பேச வேண்டியிருந்தது. கருவி இருக்கும்போது ஆள் எதற்கு என்றார்கள். ஒரு வருடமாவது கை சொல்வதையும் கருவி சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம், அப்புறம் பேசலாம் என்றேன். ஒப்புக்கொண்டார்கள். கார்சிகானா பக்கம் ஓர் இடம் பிடித்திருக்கிறோம். வண்டி தானாக வெளிவழியில் இறங்கி அங்கே வந்து நிற்கும். இறங்கிப் பார்க்கும் வேலையை லூயிசியானாக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

முதல் லோடு போன வாரம் போனது. அவர் பட்டையின் மேல் உள்ளங்கையை வைத்துச் சாய்ந்து நிற்பதை யாரோ எடுத்து அனுப்பினார்கள். அதை அப்பாவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"கட்டு நல்லா இருக்குது கண்ணு. மூலைக்குச் சாக்கு வெச்சாங்களா?"

"வெச்சிருக்குதுங்கப்பா. இங்க பிளாஸ்டிக்ல வரும், மஞ்சளா."

"படத்துல தெரியலையே."

பெரிதாக்கிப் பார்த்தேன். தெரியவில்லைதான். அடுத்த லோடு வரும்போது மூலைகளையும் எடுத்து அனுப்பச் சொல்லி கார்சிகானாவுக்குச் செய்தி போட்டேன்.