ஒரே பெருக்குத்தொகை

ஆகஸ்ட் 12, பெங்களூரு

இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டு மூளை ஆய்வுக்கு வந்தவள் என்பதாலோ என்னவோ, உளவியலாளர்கள் ரெஸ்கோர்லாவும் வாக்னரும் 1972-இல் முன்வைத்த கற்றல் சமன்பாடு முதலில் மிக எளிதாகத் தோன்றியது. கிடைத்த பலனுக்கும் எதிர்பார்த்த பலனுக்கும் உள்ள வேறுபாட்டில் ஒரு பங்கை எதிர்பார்ப்போடு கூட்ட வேண்டும். அந்தப் பங்கே கற்றல் வீதம். வீதத்தை 0.3 என்றும் பலனை 1 என்றும் கொண்டு, எதிர்பார்ப்பைச் சுழியில் தொடங்கி, மூன்று சுற்றுகளைத் தாளில் போட்டுப் பார்த்தேன்: 0.3, 0.51, 0.657. வியப்பு குறையக் குறையக் கற்பதும் குறைகிறது.

ஆகஸ்ட் 20

ஷுல்ட்ஸ், டயான், மாண்டேக் ஆகியோரின் 1997-ஆம் ஆண்டுக் கட்டுரையை இன்று படித்தோம். எதிர்பாராமல் பழச்சாறு கிடைக்கும்போது குரங்கின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களில் துடிப்பு கூடுகிறது. சாறு வரப்போவதைச் சொல்லும் முன்குறிப்புக்குப் பழகிய பின் அந்தத் துடிப்பு முன்குறிப்பு தோன்றும் கணத்துக்கு இடம்மாறுகிறது. வர வேண்டிய சாறு வராவிட்டால், அது வந்திருக்க வேண்டிய நேரத்தில் வழக்கமான துடிப்பும் அடங்குகிறது. எதுவுமே நிகழாத கணத்தை ஓர் அணு குறித்துக் காட்டுகிறது என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

செப்டம்பர் 9

இரண்டு பெட்டிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சோதனையை ஆய்வகத் தோழர்களிடமே நடத்தி, விடைகளை அந்தச் சமன்பாட்டின் கணினி மாதிரியுடன் பொருத்தினேன். கற்றல் வீதம் 0.1, தெரிவின் உறுதி (கூடுதல் பலனை எதிர்பார்க்கும் பெட்டியை எவ்வளவு விடாப்பிடியாக எடுக்கிறோம் என்பதன் அளவு) 6 என்று வந்தது. வரைபடத்தைப் பெருமையோடு நீட்டினேன். நெறியாளர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உங்களுக்கு முன்பே தெரிந்த எண்களை வைத்து விடைகளை உருவாக்குங்கள், நிரல் அவற்றையே திருப்பித் தருகிறதா என்று பாருங்கள்" என்றார்.

செப்டம்பர் 11

தரவில்லை. 0.3, 2 என்று கொடுத்தால் 0.1, 6-ஐ ஒட்டிய எண்கள் வருகின்றன. இரண்டிலும் பெருக்குத்தொகை 0.6 என்பதை நள்ளிரவில்தான் கவனித்தேன். முதல் பலனுக்குப் பின் அந்தப் பெட்டியையே மீண்டும் எடுக்கும் வாய்ப்பு, இரு இணைகளிலும் ஏறத்தாழ 65 விழுக்காடுதான். ஒரு சோடிப் பெட்டிகளுக்கு எட்டே சுற்றுகள் வைத்திருந்த என் சோதனையில், இந்த எண்களைக் கொண்ட இரு மனிதர்களைப் பிரித்தறிய வழியே இல்லை. குற்றம் நிரலில் இல்லை, நான் கேட்ட கேள்வியில் இருக்கிறது.

செப்டம்பர் 16

சுற்றுகளை 80 ஆக்கினேன். ஒரு பெட்டி எப்போதும் பலன் தந்து மற்றது தராதிருந்தால், உறுதி 2 உள்ளவர் இறுதியில் 88 விழுக்காடும், 6 உள்ளவர் 99.8 விழுக்காடும் நல்ல பெட்டியையே எடுப்பார்கள். அங்கே இருவரும் பிரிகிறார்கள். செயற்கை விடைகளில் 0.3 இன்று 0.3-ஐ ஒட்டியே திரும்பி வந்தது. தோழர்களை மறுபடியும் உட்காரச் சொல்ல வேண்டும். இம்முறை தேநீர் வாங்கித் தராமல் நடக்காது.