மொரீஷியஸ் காட்டில் ஒரு பழைய 300 எம்எம்

பழைய மேனுவல் ஃபோகஸ் லென்ஸில் பறவை எடுக்கப் பழகணும் என்றால் மொரீஷியஸ் காட்டுக்கு வாருங்கள் என்பது என் கட்சி. ஊருக்குள் பார்க்கிற மைனா, மீசைக் கொண்டைக்குருவி எல்லாம் நம்மைப் போலவே வெளியிலிருந்து வந்தவை. இந்தத் தீவுக்கே உரிய பறவைகளைப் பார்க்கக் காட்டுக்குத்தான் போகவேண்டும், ஆனால் போய்விட்டால் அவை நம்மைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அதோடு, அழியப் போனவற்றைக் காப்பாற்ற அங்கங்கே தீவனப்பெட்டியும் கூடு கட்டுவதற்கான பெட்டியும் வைத்திருக்கிறார்கள் என்பதால், பறவை எங்கே வந்து உட்காரும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆட்டோஃபோகஸ் இல்லாதவனுக்கு வேறென்ன வேண்டும்?

என்னிடம் இருப்பது நிக்கோர் 300 எம்எம் எஃப்/4.5 ஈடி (ஈடி என்பது படத்தில் நிறம் பிசிறாமல் இருக்கப் போடும் தனிவகைக் கண்ணாடி). ஒரு கிலோவைத் தாண்டாது. ஃபோகஸ் வளையம் வெண்ணெய் மாதிரி சுற்றும், 2.5 மீட்டர் வரை பக்கத்தில் பிடிக்கும். ஓர் அடாப்டர் போட்டு மிரர்லெஸ் கேமராவில் மாட்டிக்கொள்கிறேன். பழைய லென்ஸ் கேமராவோடு பேசாது, அதனால் மெனுவில் 300 என்று நாமே போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருக்கிற, கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷன் எவ்வளவு ஈடுகட்டுவது என்று தெரியாமல் குழம்பும். ஃபோகஸ் விழுந்த விளிம்புகளைத் திரையில் வண்ணமிட்டுக் காட்டும் பீக்கிங்கை நான் மஞ்சளில் வைப்பேன். அதைக்கூட முழுசாக நம்புவதில்லை, அது இலைக்கும் மினுங்கும், பறவைக்கும் மினுங்கும். பறவையின் கண்ணைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அழுத்துவதுதான் சரி.

ரோஸ் ஹில்லில் தமிழ் சொல்லிக்கொடுக்கிற அண்ணன் ஒருவரோடுதான் போவது வழக்கம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், வீட்டில் கிரியோல், என்னோடு மட்டும் பள்ளிக்கூடத்துத் தமிழ். பிளாக் ரிவர் கார்ஜஸ் தேசியப் பூங்காவில் பெத்ரின் பக்கம் காலையிலேயே போய்விடுவோம். குளிரும், மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சீனக் கொய்யா காய்க்கிற மாதங்களில் பாதி மொரீஷியஸ் கூடையோடு அங்கே நிற்கும், மிளகாய் உப்பு சகிதம். பழம் ருசிதான், ஆனால் உள்ளூர் மரங்களை மூச்சுவிடாமல் அமுக்குகிற செடி அது. பறவைகளுக்கு வந்த கேட்டில் அதற்கும் பங்கு உண்டு.

இளஞ்சிவப்புப் புறாவை அங்கேதான் எடுத்தேன். 1990-ஐ ஒட்டி காட்டில் பத்து போலத்தான் மிஞ்சியிருந்தன, இப்போது சில நூறு. கிளையில் ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தால் அது கிளையை விட்டுவிட்டு நடைபாதைக் கைப்பிடியில் வந்து உட்கார்ந்தது, 2.5 மீட்டருக்கும் உள்ளே! நான் பின்வாங்க, அது முன்னேற. "நீங்க அசையாதீங்க தம்பி, அது உங்களைத்தான் பார்க்க வருது" என்றார் அண்ணன். எஃப்/5.6, ஐஎஸ்ஓ 3200. இறகின் ரோஸ் நிறம் நிழலிலும் கெடவில்லை.

இந்தத் தீவுக்கே உரிய எக்கோ கிளி கொஞ்சம் வேலை வாங்கும். நம்மூர்ப் பச்சைக்கிளியும் இங்கே தப்பிப் பெருகியிருப்பதால் முதலில் எது எது என்று பார்க்கணும். எக்கோவின் பெண்ணுக்கு அலகு கறுப்பு, நம்மூர்க் கிளிக்கு ஆணோ பெண்ணோ அலகு சிவப்பு. காலில் வண்ண வளையம் போட்டிருக்கும், எந்தப் பறவை என்று அடையாளம் காண. சிலர் அந்த வளையத்தைக் கணினியில் அழித்துவிட்டு 'காட்டுப் பறவை' என்று படம் போடுகிறார்கள். எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அந்த வளையம் போட்ட கைகள் இல்லையென்றால் படமெடுக்கக் கிளியே இருந்திருக்காது.

பள்ளத்தாக்கு வியூபாயிண்டில் வெண்வால் ட்ராபிக்பேர்ட் என்கிற கடற்பறவை. இங்கே பாய்-ஆன்-க்யூ என்பார்கள், ஏர் மொரீஷியஸ் விமானத்தின் வாலில் இருப்பதும் இதுதான். சரி, தூரத்துப் பறவைதானே, வளையத்தைக் கடைசிவரை திருப்பி விட்டுவிடலாம் என்றால் முடியாது. ஈடி கண்ணாடி வெப்பத்துக்கு மாறும் என்பதால் இந்த லென்ஸை இன்ஃபினிட்டியையும் (வெகுதூரத்துக்கான ஃபோகஸ் குறி) தாண்டிச் சுற்றும்படி செய்திருக்கிறார்கள். அதனால் எதிர்ச்சரிவில் ஒரு மரத்தைப் பிடித்து அங்கே ஃபோகஸை நிறுத்திவிட்டு, பறவை அதே பாதையில் திரும்பி வரும்வரை நிற்பேன். பெரும்பாலும் வரும்.

மாயெபூர்ப் பக்கம் இல்-ஓ-ஸெக்ரெத், 26 ஹெக்டேர் குட்டித் தீவு, வழிகாட்டியோடுதான் போகமுடியும். மொரீஷியஸ் ஃபோடி என்கிற சின்னக் குருவியின் சிவப்புத் தலை கருங்காலி மரத்து நிழலில் கிடைத்தது. ராட்சத ஆமை லென்ஸுக்கு ரொம்பப் பெரிது, அதை அண்ணனின் ஃபோனுக்கு விட்டுவிட்டேன்.

கெஸ்ட்ரல் என்கிற சின்ன வல்லூறுதான் என் கட்சியை மதிக்காத ஆள். 1974-இல் காட்டில் தெரிந்தது வெறும் நான்கு. டிடிடி போன்ற பூச்சிமருந்து, காடழிப்பு, குரங்கு, எல்லாம் சேர்ந்து செய்த வேலை. 1979-இல் வந்த வேல்ஸ்காரர் கார்ல் ஜோன்ஸும் கூட்டாளிகளும் முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்து மீட்டார்கள். குட்டையான சிறகு, மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து பல்லி பிடிக்கும். ஃபெர்னே பள்ளத்தாக்கில் அது பறப்பதை என் கையால் தொடரவே முடியவில்லை, உட்கார்ந்திருக்கிற படங்கள்தான் தேறின. பறக்கிறதுதான் வேண்டும் என்றால் அதற்கு ஆட்டோஃபோகஸ் லென்ஸை எடுத்துப் போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.