முத்தகி வந்த அக்டோபர்

9 அக்டோபர் 2025, வியாழன்
தாலிபான் வெளியுறவு அமைச்சர் அமீர் கான் முத்தகி இன்று டெல்லி வந்திறங்கினார். ஐ.நா. தடைப் பட்டியலில் இருப்பவர். இந்தப் பயணத்துக்கே பாதுகாப்பு கவுன்சிலின் குழு விலக்கு கொடுக்க வேண்டியிருந்தது. ராத்திரி காபூலில் குண்டு வெடித்ததாகச் செய்தி. எல்லோரும் பாகிஸ்தானைத்தான் கை காட்டுகிறார்கள்.

10 அக்டோபர், வெள்ளி
2022 ஜூனிலிருந்து 'தொழில்நுட்பக் குழு' என்ற பெயரில் காபூலில் இருந்த நம் அலுவலகம் இனி தூதரகமாம், ஜெய்சங்கர் அறிவித்துவிட்டார். ஆனால் அங்கீகாரம் என்ற பேச்சே எழவில்லை. ஜூலையில் ரஷ்யா வெளிப்படையாக அங்கீகரித்தது. சீனா 2024 ஜனவரியிலேயே தாலிபான் தூதரின் நியமனப் பத்திரத்தை வாங்கிக்கொண்டது. நாம் தாலி கட்டாமல் குடித்தனம் நடத்துகிறோம். 1999-இல் கடத்தப்பட்ட விமானத்துக்காக அன்றைய வெளியுறவு அமைச்சர் ஜஸ்வந்த் சிங் கந்தகார் போனபோதும் அங்கே இதே தாலிபான் ஆட்சிதான்.

மாலை முத்தகியின் பத்திரிகையாளர் சந்திப்பில் ஒரு பெண் நிருபர்கூட இல்லை. டெல்லியில்! எனக்கு ரத்தம் கொதித்தது.

12 அக்டோபர், ஞாயிறு
நேற்றிரவு ஆப்கன்-பாகிஸ்தான் எல்லையான டூரண்ட் கோடு நெடுக சண்டை. பாகிஸ்தான் வீரர்கள் 58 பேரைக் கொன்றோம் என்கிறது காபூல். தங்கள் பக்கம் 23 பேர், எதிர்ப்பக்கம் இருநூறுக்கும் மேல் என்கிறது பாகிஸ்தான். இரண்டையும் அப்படியே நம்ப முடியாது.

2021 செப்டம்பரில் பாகிஸ்தான் உளவு அமைப்பான ஐ.எஸ்.ஐ.-யின் அன்றைய தலைவர் ஃபைஸ் ஹமீது காபூல் ஹோட்டலில் தேநீர்க் கோப்பையோடு நின்று, கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும் என்றார். சரியானது, பாகிஸ்தான் அரசை எதிர்த்துச் சண்டை போடும் பாகிஸ்தான் தாலிபானுக்குத்தான். காபூல் விழுந்த பிறகு அவர்களுக்குப் பின்வாங்கிப் பதுங்க இடம் கிடைத்தது. பாகிஸ்தானுக்குள் தாக்குதல்கள் கூடின. அவர்களை ஒடுக்கினால் தன் ஆட்களே ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பின் பக்கம் சாய்வார்கள் என்ற பயம் காபூலுக்கு. தவிர, 1893-இல் ஆங்கிலேயர் கிழித்த அந்த டூரண்ட் கோட்டை, பாகிஸ்தான் பிறந்த பிறகு எந்த ஆப்கன் அரசும் எல்லையாக ஏற்றதில்லை. இஸ்லாமாபாத் வளர்த்த தாலிபானும் விதிவிலக்கு இல்லை.

அப்புறம், முத்தகியின் இன்றைய பத்திரிகையாளர் சந்திப்பில் பெண் நிருபர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து சரமாரியாகக் கேள்வி கேட்டார்கள்.

15 அக்டோபர், புதன்
48 மணி நேரப் போர்நிறுத்தம். பார்ப்போம்.

19 அக்டோபர், ஞாயிறு
கத்தாரும் துருக்கியும் தோஹாவில் உட்காரவைத்து உடன்பாடு காண வைத்திருக்கின்றன. ஒரு பக்கம் பாகிஸ்தான் பாதுகாப்பு அமைச்சர் கவாஜா ஆசிஃப், மறுபக்கம் தாலிபான் பாதுகாப்பு அமைச்சர் யாகூப், தாலிபானை நிறுவிய முல்லா உமரின் மகன். தோர்கம் எல்லை இன்னும் மூடித்தான் கிடக்கிறது. கடலில்லாத ஆப்கானிஸ்தானின் பழ லாரிகளுக்கு அதுதான் பிரதான வழி. அடுத்த பேச்சு 25-ஆம் தேதி இஸ்தான்புல்லில். பாகிஸ்தான் தாலிபானை அடக்குவோம் என்று காபூல் எழுதிக் கொடுக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.