பாலத்தின் நடுவே ஒரு மரத்தடுப்பு

இன்று மதியம் படித்துக்கொண்டிருந்த வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு பத்தியைத் தாண்டவே முடியவில்லை.

1475 ஆகஸ்ட் 29. பிரான்சில் பிக்கினி என்ற ஊர், சோம் ஆற்றின் மேல் ஒரு பாலம். இந்தப் பக்கம் படையோடு வந்த இங்கிலாந்து மன்னர் நான்காம் எட்வர்ட். அந்தப் பக்கம் பிரெஞ்சு மன்னர் பதினொன்றாம் லூயி.

நடுவில் சிங்கக் கூண்டுக்குப் போடுவது போன்ற கனத்த மரத்தடுப்பு. ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி.

பயத்துக்குக் காரணம் இருந்தது. 1419-ல் இதேபோல ஒரு பாலத்தில், மோந்த்ரோவில், பேச வந்த பர்கண்டி என்ற பிரெஞ்சுப் பகுதியின் கோமகனை வெட்டிக் கொன்றிருந்தார்கள்.

அந்த இடைவெளி வழியாகவே இருவரும் தழுவிக்கொண்டார்கள்.

படையோடு ஊர் திரும்புவதற்காக லூயியிடமிருந்து எட்வர்டுக்கு உடனே 75,000 பொற்காசுகள், அப்புறம் ஆண்டுக்கு 50,000. ஏழாண்டுப் போர்நிறுத்தம்.

மானம் போயிற்று என்று பலர் கொதித்தார்கள், எட்வர்டின் தம்பி ரிச்சர்ட் உட்பட. எனக்கு அப்படித் தோன்றவில்லை. துணைக்கு வருவதாகச் சொன்ன பர்கண்டி படை வரவேயில்லை. சண்டை போட்டிருந்தால் செத்திருக்கக்கூடிய எத்தனையோ வில்வீரர்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

சந்தேகத்தை மறைக்காமல், அதை நட்டநடுவில் நிறுத்திவைத்துக்கொண்டே சமாதானம் பேசியிருக்கிறார்கள். சமாதானத்துக்கு முதலில் நம்பிக்கை வேண்டும் என்றுதான் நான் இதுவரை நினைத்திருந்தேன்.