கட்டடக்கலை வரலாறு பயில விரும்பும் குமரி மாணவர்களுக்கு

கட்டடக்கலை வரலாற்றைத் தொழிலாகக் கொள்ள விரும்பி என்னிடம் வழி கேட்கும் தம்பி தங்கையரை, முதலில் ழூவோ துப்ரேயின் ஆய்வு முறையைப் பழகச் சொல்கிறேன். புதுச்சேரியில் கல்லூரி ஆசிரியராகப் பணிபுரிந்த அந்தப் பிரெஞ்சு அறிஞர், தென்னிந்தியக் கோயில்களைப் பற்றி 1914இல் வெளியிட்ட ஆய்வில், தூணுக்கும் உத்தரத்துக்கும் இடையில் அமரும் போதிகை, சுவரில் சிலை வைக்கும் மாடமான கோட்டம், கூரையில் குதிரை லாட வடிவில் அமையும் அலங்கார வளைவான கூடு போன்ற சிறு உறுப்புகள் காலந்தோறும் உருமாறி வந்ததைக் கொண்டே கட்டடங்களின் வயதைக் கணிக்கலாம் என்று காட்டினார். பல்லவர் போதிகையில் அலை வரிகள் உண்டு. சோழரிடம் அது சாய்வாக வெட்டப்பட்டு நடுவே முளை நீட்டும். விஜயநகரக் காலத்தில் கவிழ்ந்த மொட்டாகத் தொங்கும்.

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான தேசியத் தேர்வான நெட் தேர்வில் தொல்லியலைப் பாடமாகக் கொண்டு படித்தபோது இந்த வரிசை எனக்குப் புத்தகத்தில் பிடிபடவில்லை. சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் மண்டபங்களில் குறிப்பேட்டுடன் அமர்ந்து, தூண் தூணாக வரைந்த பின்னரே மனத்தில் நின்றது. அளவு நாடாவும் பென்சிலும் போதும். படம் எடுப்பதை இரண்டாம் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் வரையும் கைதான் கண்ணை நிறுத்திப் பார்க்க வைக்கிறது.

ஆனால் அந்த வரிசையை நம் மாவட்டம் முழுவதற்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் கல் தூண்களும் மரவேலையும் சாய்ந்த கூரையும் ஒரே வளாகத்தில் கூடி நிற்கின்றன. பத்மநாபபுரம் அரண்மனையோ பெரும்பாலும் மரத்தாலானது. 1956 நவம்பர் 1 அன்று இம்மாவட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்த பின்னும் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறையே பராமரிக்கிறது என்பதால், ஆய்வு அனுமதிக்கான விண்ணப்பத்தை அங்குதான் அனுப்ப வேண்டும்.

கல்வெட்டு வாசிப்பைத் தள்ளிப் போடாதீர்கள். இங்கு பழைய தமிழ் எழுத்து வடிவமான வட்டெழுத்தும், கேரள வழக்கிலுள்ள ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டும் தெரியாமல் நகர முடியாது. கொல்லம் ஆண்டுடன் மாதத்தைப் பொறுத்து 824 அல்லது 825 கூட்டினால் கிறித்தவ ஆண்டு கிடைக்கும். பார்த்திபசேகரபுரம் கோயிலை ஆய் மன்னர் கருநந்தடக்கன் 866இல் நிறுவியதைச் செப்பேடு சொல்கிறது. எனினும் அது கோயில் தோன்றிய ஆண்டே தவிர, இன்று அங்கு நிற்கும் ஒவ்வொரு கல்லின் வயதும் அன்று. நேர்முகத் தேர்வில் என்னிடம் நெடுநேரம் கேட்கப்பட்டது இந்த வேறுபாட்டைப் பற்றித்தான்.

நெட் இரண்டாம் தாளில் 100 வினாக்களுக்கு 200 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, ஆகவே எதையும் விடாமல் எழுதுங்கள்.