பழைய ஸ்பிரிங் குதிரை: முகத்தை விடுங்கள், சட்டத்தைப் பாருங்கள்

பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் எப்போதாவது ஒரு ஸ்பிரிங் குதிரை, அதாவது ஸ்பிரிங்கில் தொங்க, குழந்தைகள் ஏறிக் குதிக்கும் பொம்மைக் குதிரை, கண்ணில் படும். விற்பவர் 'வெள்ளைக்காரன் காலத்துது' என்பார். குதிரையின் முகத்தையும் சாயத்தையும் வைத்து அதை நம்ப வேண்டாம். சாயத்தை யார் வேண்டுமானாலும் பூசியிருக்கலாம். பிடரி, வால், சேணம் எல்லாமே மாற்றக்கூடியவை. உடம்பு எதனால் ஆனது, அது எப்படித் தொங்குகிறது, எந்த போல்ட் போட்டிருக்கிறது என்பவைதான் நம்பத்தக்க தடயங்கள்.

முதலில் ஒரு காந்தத்தை உடம்பில் வையுங்கள். ஒட்டினால் இரும்புத் தகடு. அப்படியானால் நினைவுக்கு வரவேண்டிய பெயர் மோபோ. இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்து எரித்தில் டி. செபல் நிறுவனம் செய்தது. அவர்களுடைய பிராங்கோ குதிரைக்குக் காலில் சக்கரம் உண்டு. குழந்தை அங்கவடியை மிதித்தால் முன்னே நகரும். அது தொங்கும் ஸ்பிரிங் குதிரை அல்ல, ஆனால் சந்தையில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். மோபோ பொம்மைகள் 1972-உடன் நின்றுவிட்டன.

காந்தம் ஒட்டாமல், உள்ளே கூடான பிளாஸ்டிக் உடம்பு நான்கு ஸ்பிரிங்குகளில் குழாய்ச் சட்டத்திலிருந்து தொங்கினால், அது அமெரிக்கப் பாணி. டென்னசி மாநிலம் கோலியர்வில்லில் இருந்த வொண்டர் புராடக்ட்ஸ் இந்த வகையில் பெயர் பெற்றது. அதனாலேயே பலர் எல்லா ஸ்பிரிங் குதிரையையும் 'வொண்டர்' என்று சொல்லி விலையை ஏற்றுகிறார்கள். ஹெட்ஸ்ட்ரோம் என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனமும் இதே அமைப்பில் செய்தது. வயிற்றுக்கு அடியிலும் சட்டத்தின் குறுக்குக் குழாயிலும் டார்ச் அடித்து முத்திரை தேடுங்கள். அமெரிக்க முகவரியில் மாநிலப் பெயருக்குப் பின்னால் ஐந்து இலக்க அஞ்சல் எண் இருந்தால், அந்த முத்திரை 1963-க்கு முந்தியதாக இருக்க முடியாது. அந்த எண்முறையே அந்த ஆண்டில்தான் வந்தது. டிரையாங் என்ற பிரிட்டிஷ் பொம்மை முத்திரையில் அதன் நிறுவனமான லைன்ஸ் பிரதர்ஸ் பெயர் இருந்தால், அந்த நிறுவனம் 1971-இல் வீழ்ந்ததை நினைவில் வையுங்கள்.

முத்திரை உரிந்து போயிருந்தால் போல்ட்டை அளக்கலாம். கால் அங்குல போல்ட் 6.35 மில்லிமீட்டர் தடிமன், எம்6 என்ற மெட்ரிக் போல்ட் 6 மில்லிமீட்டர். பழைய பிரிட்டிஷ், அமெரிக்கக் குதிரைகளில் அங்குல அளவுதான் எதிர்பார்க்க வேண்டும். நான்கு போல்ட்டில் ஒன்று மட்டும் எம்6 என்றால் யாரோ பின்னால் மாற்றியிருக்கிறார்கள். அங்குல நட்டுக்குள் எம்6 போல்ட் ஆடும், குழந்தை குதிக்கக் குதிக்கக் கழன்று வரும். அதை அப்படியே விடக்கூடாது.

ஸ்பிரிங்கைக் கழற்றும்போது கவனம் தேவை. இறுகிய நிலையில் திருப்புளி வைத்து நெம்பினால் கொக்கி தெறித்து முகத்தில் அடிக்கும். ஒருவர் குதிரையைக் கீழே அழுத்திப் பிடிக்கட்டும். சுருள்கள் விரியும்போது இடைவெளிகளில் பக்கத்துக்குச் சில வாஷர்களைச் செருகி, மெதுவாக விடுங்கள். ஸ்பிரிங் நீண்ட நிலையிலேயே நிற்கும், கொக்கி சுலபமாகக் கழலும். கழற்றியதும் வாஷர்களை எடுத்துவிட்டு வெறும் ஸ்பிரிங்கைப் பாருங்கள். சுருளோடு சுருள் ஒட்டியிருந்தால் நல்லது. இடைவெளி தெரிந்தால் தளர்ந்துவிட்டது. மாற்று வாங்க, கம்பித் தடிமன், வெளிவிட்டம், கொக்கியிலிருந்து கொக்கி வரை நீளம், சுருள் எண்ணிக்கை ஆகிய நான்கையும் எழுதிக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போங்கள். நான்கு ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் குதிரை ஒரு பக்கம் சாயும்.

கடற்காற்றுள்ள ஊரில் குழாய் வெளியே பளபளத்தாலும் உள்ளே அரித்திருக்கும். தண்ணீர் தங்கும் இடம் கீழ் வளைவு. அங்கே திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தச் சட்டத்தில் குழந்தையை ஏற்றக்கூடாது. பிளாஸ்டிக் உடம்பில் விரிசல் போல்ட் ஓட்டையைச் சுற்றித்தான் தொடங்கும். விரிசல் முனையில் 3 மில்லிமீட்டர் துளை போட்டால் பெரும்பாலும் மேலும் ஓடாது. பாலிஎத்திலீன் உடம்பானால் சூப்பர் குளூ ஒட்டாது. அகலமான வாஷர் போட்டு இறுக்குவதே பலன் தரும்.

பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் பொம்மைச் சாயத்துக்கு 1978-இல்தான் தடை வந்தது. அதனால் உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்காதீர்கள். குழந்தை ஏறுவதற்கு முன் நான்கு ஸ்பிரிங்குக்கும் உறை மாட்டுங்கள். சுருளுக்கு நடுவே விரல் சிக்குவது இந்தக் குதிரைகளில் எப்போதும் உள்ள ஆபத்து.