பழைய சுண்ணாம்புச் சுவரில் எட்டடி ஜன்னல்: லிண்டல் முதலில், திறப்பு பிறகு

தூண் எழுப்பி பீம் ஓட்டிக் கட்டுகிற இன்றைய வீட்டில் சுவர் பெரும்பாலும் தடுப்புதான். காரைக்குடியிலோ கும்பகோணத்திலோ மயிலாப்பூரிலோ நிற்கிற பழைய சுண்ணாம்புக் கட்டு வீட்டில் சுவர்தான் தூண். மாடியும் தளமும் ஆட்களும் அதன் தலையில்தான். புது வீட்டில் பழகிய மேஸ்திரி இங்கேயும் முதலில் உடைத்துவிட்டு, பிறகு பலகை அடித்து லிண்டல் (திறப்புக்கு மேலே பாரம் தாங்கும் குறுக்குச் சட்டம்) வார்க்கப் பார்ப்பார். அதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். இந்தச் சுவரில் லிண்டல் பாரத்தை வாங்கிக்கொண்ட பிறகுதான் கீழே ஒரு செங்கல்லாவது வெளியே வரலாம்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி: அகலம்தான் வேண்டுமா? இருக்கிற ஜன்னலின் அடிச்சுவரைத் தரைவரை இறக்கினால் மேலே உள்ள வளைவையோ லிண்டலையோ தொடவே வேண்டாம். மூன்றடிக்கு நாலடி ஜன்னல் மூன்றடிக்கு ஏழடி ஆகிவிடும். திறப்பின் பரப்பு ஒன்றே முக்கால் மடங்கு. ஆபத்தும் செலவும் மிகக் குறைவு. பலருக்கு இதுவே போதும். இதற்கு நேர் எதிரானது, பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு ஜன்னல்களின் நடுச்சுவரை எடுத்து ஒன்றாக்குவது. பார்க்கச் சுலபமாகத் தெரியும். ஆனால் இரண்டு வளைவுகளின் பாரமும் அந்த ஒன்றரை அடி நடுச்சுவரில்தான் வந்து இறங்குகிறது.

இடம் தேர்வதிலும் கவனம் வேண்டும். மூலையை ஒட்டித் திறக்கக்கூடாது. உத்திரம் வந்து உட்காரும் இடத்துக்கு நேர் கீழே கூடாது. நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 4326, பாதிப்பு குறைவான பகுதிகளில்கூட ஒற்றைத் தளச் சுவரின் நீளத்தில் 60 சதவீதத்துக்கு மேலும் இரு தளத்தில் 50 சதவீதத்துக்கு மேலும் திறப்பு இருக்கக்கூடாது என்கிறது. இருக்கிற கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. சுவரின் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் நீள டிரில் பிட்டால் நாலைந்து இடத்தில் துளைத்துப் பாருங்கள். இருபுறமும் நல்ல செங்கல் தெரிந்தாலும் நடுவில் உடைகல்லும் மண்ணும் நிரப்பிய சுவர்கள் உண்டு. துளையிலிருந்து சிவப்புத் தூளுக்குப் பதிலாக மண் கொட்டினால், வேலையை நிறுத்திவிட்டு முதலில் சுவரைப் பலப்படுத்த வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு. 18 அங்குலச் சுவர், எட்டடித் திறப்பு, லிண்டலுக்கு மேல் மூன்றடிச் சுவர், அதற்கு மேல் மெட்ராஸ் டெரஸ் தளம் (தேக்குக் கட்டைகள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் அடுக்கியது), அறையின் அகலம் 12 அடி. சுவர் மட்டும் சுமார் 1.9 டன். தளத்தின் எடையும் நடமாட்டப் பாரமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 600 கிலோ என்று வைத்தால் இந்தச் சுவருக்கு வரும் பாதித் தளத்தின் பங்கு 2.7 டன். மொத்தம் நாலரை டன்னுக்குச் சற்று மேல். கைப்பிடிச் சுவர் இருந்தால் அது தனி. ஐஎஸ்எம்பி 150 (150 மில்லிமீட்டர் உயர I வடிவ இரும்பு) கர்டர் இரண்டு போட்டால் வலிமைக்குத் தாராளம். ஆனால் நடுவில் நாலு மில்லிமீட்டருக்கு மேல் தொங்கும். புதுச் சுவருக்கு அது பெரிதில்லை, நூறு வயதுச் சுண்ணாம்புக் கட்டுக்கோ விரிசல் விடப் போதுமானது. ஐஎஸ்எம்பி 200 இரண்டு போட்டால் தொய்வு ஒன்றரை மில்லிமீட்டரில் நிற்கும். இங்கே கர்டரின் அளவைத் தீர்மானிப்பது வலிமை அல்ல, விறைப்பு. உங்கள் வீட்டுக்கான கணக்கைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் போட்டுத் தர வேண்டும்.

வேலை மேல்தளத்தைத் தாங்குவதில் தொடங்குகிறது. சுவருக்கு உட்புறம் மூன்றடி தள்ளி, தேக்குக் கட்டைகளுக்கு அடியில் ஒரு நீளச் சட்டம் வைத்து, வரிசையாக ஜாக்கி (திருகி உயர்த்தும் இரும்பு முட்டு) கொடுத்துத் தளத்தைத் தாங்குங்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை என்றால் கல்லுக்கு அடியில் பெரும்பாலும் மண் நிரப்புதான் இருக்கும். ஜாக்கியின் கால் அதில் இறங்கிவிடாமல் இரண்டு அங்குலப் பலகையை நீளவாக்கில் போட்டு அதன்மேல் நிறுத்துங்கள். அடுத்து லிண்டல் மட்டத்துக்கு ஓர் அடி மேலே, மூன்றடிக்கு ஒன்றாகச் சுவரில் துளையிட்டு, குறுக்காகச் சிறு கர்டர்களை நுழைத்து, உள்ளும் வெளியும் ஜாக்கி கொடுங்கள். கர்டருக்கும் செங்கல்லுக்கும் இடையில் இரும்பு ஆப்பும் இறுகலான கலவையும் வேண்டும். இடைவெளியோடு நிற்கிற முட்டு எதையும் தாங்காது.

இனி லிண்டலுக்கான பள்ளம், ஒரே மூச்சில் அல்ல, பாதிப் பாதியாக. வெளிப்புறத்திலிருந்து ஒன்பது அங்குல ஆழத்துக்கு மட்டும், பத்தடி நீளத்துக்கு, வைரத் தகடு போட்ட கட்டரால் கோடு வெட்டி, உளியால் கல் கல்லாக எடுங்கள். பிரேக்கர் (இடிக்கிற மின்சுத்தி) வேண்டாம், அந்த அதிர்வில் பழைய சுண்ணாம்பு கலவை பொடியாகி, பத்தடி தள்ளிக்கூடச் செங்கல் கழன்றுவிடும். இரு முனையிலும் ஓரடி தாங்கல், அதன் கீழே ஆறு அங்குலக் கான்கிரீட் மெத்தை. மெத்தை இறுக ஒரு வாரம் ஆகும். ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடித்த கர்டரை அதன்மேல் ஏற்றுங்கள். பத்தடிக் கர்டர் ஒன்று சுமார் 75 கிலோ இருக்கும், நாலு பேர் வேண்டும்.

கர்டரின் தலைக்கும் மேல்சுவருக்கும் நடுவில் மிஞ்சுகிற ஓர் அங்குல இடைவெளியில்தான் வேலை ஜெயிப்பதும் தோற்பதும். ஒன்றுக்கு மூன்று சிமென்ட் மணல், கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கணும், விரலிடுக்கில் நீர் கசியக்கூடாது. அதைக் கட்டைப்பலகையால் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துத் திணிக்க வேண்டும். கரண்டியால் தள்ளி வெளிப்பக்கம் மட்டும் பூசிவிட்டால் பார்க்க அழகாக இருக்கும், உள்ளே காற்றுதான். தண்ணீர் அதிகமான கலவையோ காயும்போது சுருங்கி அதே இடைவெளியைத் திரும்பக் கொண்டுவரும். முட்டுகளை எடுத்த மறுமாதம் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறுகிற விரிசலுக்குப் பெரும்பாலும் இந்தத் திணிப்புதான் காரணம். மூன்று நாள் கழித்து உட்புறப் பாதி, அதே முறையில். இரண்டு கர்டருக்கும் நடுவில் சிப்ஸ் (பொடி) ஜல்லிக் கான்கிரீட். அதன்பின் ஏழு நாள் கழித்து, ஜாக்கிகளைக் கால் திருப்புக் கால் திருப்பாகத் தளர்த்துங்கள். ஒன்றை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததுக்குப் போகக்கூடாது.

இப்போதுதான் திறப்பு: மேலிருந்து கீழே. எடுத்த பழைய செங்கல்லைப் பத்திரப்படுத்துங்கள், பக்கவாட்டில் பல் பல்லாக நிற்கிற செங்கல் ஓரத்தை அடைக்க அதுவே சரியான அளவு. அடைப்புக்கும் பூச்சுக்கும் சிமென்ட் வேண்டாம், சுண்ணாம்பும் மணலும் செங்கல் தூளும் போதும். சுண்ணாம்புச் சுவரின் ஈரம் சிமென்ட் பூச்சுக்குப் பின்னால் அடைபட்டு உப்பாகப் பூக்கும், பூச்சு தகடு தகடாக விழும். கர்டர் முகத்தில் மட்டும் கோழிவலை சுற்றிப் பூசுங்கள்.

சன்ஷேடு இந்த லிண்டலிலிருந்து நீளக்கூடாது, அது கர்டரை முறுக்கும். தனியாக மரத் தாங்கியில் ஓடு வேயலாம். சென்னையில் டிசம்பர் உச்சிவெயில் சுமார் 53 டிகிரி உயரத்தில் நிற்கிறது. தெற்கு ஜன்னலில் இரண்டடி நீட்டிய சரிவு இரண்டே முக்கால் அடி உயரத்துக்குத்தான் நிழல் தரும். வடக்குச் சுவருக்கு ஜூன் உச்சிவெயிலில் ஓரடி போதும். மேற்கு என்றால் எந்தச் சன்ஷேடும் பயன்படாது, எட்டடிக் கண்ணாடியை அங்கே வைக்காதீர்கள்.

கண்ணாடி கடைசியில். டஃபன்ட் (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடியை வந்தபின் அறுக்கவோ துளையிடவோ முடியாது. பூச்சு முடிந்து நிலை நின்ற பிறகு, அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, சிறியதிலிருந்து 10 மில்லிமீட்டர் கழித்து ஆர்டர் கொடுங்கள். மூலைக்கு மூலையும் அளக்க வேண்டும். பழைய சுவரில் இரண்டு குறுக்களவும் ஒன்றாக வருவது அபூர்வம்.